ரெடிமேடு கேமிங் பிசி: சேலத்துக்காரர்கள் கேட்டதும் என் பதில்களும்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கேமிங் பிசி வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு முழிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கம்பெனி பிராண்டு பெட்டியும் சரி, கடைக்காரர் முன்கூட்டியே பூட்டி வைத்து விற்பதும் சரி, இரண்டையும் ரெடிமேடு என்றே எழுதியிருக்கிறேன்.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, "ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ், ஆர்ஜிபி கேபினெட், 27,000 ரூபாய் மட்டுமே" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா?

தம்பி, அந்த விளம்பரத்தில் நம்பர் நிறைய இருக்கிறது, மாடல் நம்பர் ஒன்றுகூட இல்லை. ஐ7-2600 வந்தது 2011இல். ஐ7-3770 அடுத்த வருஷம், ஐ7-4770 அதற்கடுத்த வருஷம். இந்த விலைக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏதோ ஒரு ஆபீசில் வருஷக்கணக்காக ஓடிய பிராசசரைக் கழற்றிப் புது மதர்போர்டில் மாட்டி, கலர் லைட் போட்டிருப்பார்கள். 2022இல் வந்த சாதாரண ஐ3-12100 இவை மூன்றையும் சுலபமாகத் தாண்டிவிடும்.

4 ஜிபி கிராபிக்ஸ் என்பதும் அப்படித்தான். ஜிடி 730 கார்டிலேயே 4 ஜிபி மாடல் உண்டு. அது மானிட்டரில் படம் வரவைக்கும் கார்டு, கேம் ஓட்டுகிற கார்டு அல்ல. மெமரி கூட இருப்பதால் வேகம் வந்துவிடாது.

இன்னொன்று, விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் கணக்கு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலரண்ட் கேம் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் பிசியில் வேண்டும். பழைய போர்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிராசசர், கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) நான்கின் முழு மாடல் பெயரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லு. "நேர்ல வாங்க, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் நீ போக வேண்டியதே இல்லை.

ஃபேர்லாண்ட்ஸ், ஒரு அப்பா: பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கேமிங் பிசி கேட்கிறான். ஒரு கடையில் 78,000, இன்னொரு கடையில் 92,000. இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி. 14,000 வித்தியாசம் எதற்கு? இரண்டு கொட்டேஷனையும் இணைத்திருக்கிறேன்.

சார், கொட்டேஷனை இணைத்தது நல்லதாகப் போயிற்று. வித்தியாசம் முழுக்க நீங்கள் கேட்காமல் விட்ட வரிகளில்தான் இருக்கிறது.

முதல் கடையில் பிராசசர் ரைசன் 5 5500, இரண்டாவதில் ரைசன் 5 5600. இரண்டுக்கும் 6 கோர், 12 த்ரெட். ஆனால் 5500இல் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, 16 எம்பி, 5600இல் 32 எம்பி. கேமில் அந்த இரட்டிப்புக்குப் பலன் தெரியும். அதோடு, கார்டுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பாதையான பிசிஐஇயில் 5500 3.0 வரைதான் போகும், 5600 4.0 போகும். இது எதற்கு என்றால், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு ஸ்லாட்டில் உள்ள 16 லேனில் 8 லேனை மட்டுமே பயன்படுத்துகிறது. 3.0இல் மாட்டினால் அந்த எட்டிலும் பாதி வேகம். சாதாரணமாக இது பெரிதாகத் தெரியாது. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழியும் புதிய கேம்களில்தான் திக்கித் திக்கி ஓடும். போர்டையும் பாருங்கள்: 5600ஐ ஏ520 போர்டில் போட்டாலும் 3.0தான் கிடைக்கும். இரண்டாவது கடை பி550 கொடுத்திருக்கிறது, சரியான ஜோடி.

முதல் கடையின் 16 ஜிபி ஒரே ஸ்டிக். இரண்டாவதில் 8 ஜிபி இரண்டு. ஒரே ஸ்டிக் என்றால் பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே பாதை பாதியாகிவிடும்.

மிச்சமிருப்பது எஸ்எம்பிஎஸ். முதல் கொட்டேஷனில் "500W SMPS" என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. கடைக்குப் போய்ப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது? இந்த மாதிரிப் பெட்டிகளில் 18 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். 12 பெருக்கல் 18, 216 வாட். மேலே ஒட்டியிருக்கும் 500 வெறும் ஸ்டிக்கர். 4060 கார்டு 115 வாட், பிராசசர் முழு வேகத்தில் 75 வாட், ஃபேன், போர்டு, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தால் அந்த 216ஐத் தொட்டுவிடும். நல்ல 550 வாட் பெட்டியில் 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது, கூடவே எதையாவது இழுத்துக்கொண்டு போகும்.

விலைக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டாவது கொட்டேஷனில் உள்ள ஒவ்வொரு பொருளையும் இரண்டு மூன்று இந்திய ஆன்லைன் கடைகளில், ஜிஎஸ்டி சேர்ந்த விலையாகப் பார்த்துக் கூட்டுங்கள். கடைக்காரர் விலை அந்தக் கூட்டுத்தொகையைவிடப் பத்து சதவீதம் வரை அதிகம் என்றால் நான் மறுபேச்சு பேச மாட்டேன். பூட்டிக் கொடுத்து, விண்டோஸ் போட்டு, நாளைக்குக் கோளாறு என்றால் சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஆளனுப்புகிறார் என்றால் அது கொடுக்க வேண்டிய காசுதான். இருபதைத் தாண்டினால் பேரம் பேசுங்கள்.

சூரமங்கலம்: கடையில் ஓட்டிக் காட்டினார்கள், மூலையில் 200 எஃப்பிஎஸ் என்று வந்தது. நம்பலாமா?

நம்பலாம், அது எப்படி வந்தது என்று தெரிந்தால். எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் படம் வருகிறது என்ற கணக்கு. ஃபிரேம் ஜெனரேஷன் ஆன் செய்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் கார்டு வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒன்று, 50 வரிசையில் மூன்றும் அதற்கு மேலும்கூட, ஏஐ உருவாக்கி நடுவில் செருகும். படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் மவுஸை அசைத்ததும் கை உணர்கிற வேகம் செருகுவதற்கு முன் இருந்த எண்ணைப் பொறுத்தது. 50இலிருந்து 200 ஆக்கியதும், நிஜமாகவே 200 வருவதும் கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, சராசரியை விட்டுவிட்டு 1% லோ என்ற எண்ணை, அதாவது மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்ஸைக் காட்டச் சொல்லுங்கள். சராசரி 120, 1% லோ 35 என்றால் ஒவ்வொரு சண்டையிலும் வெட்டி வெட்டித்தான் வரும். சராசரி 95, லோ 70 என்கிற பிசியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

சோதனையை இரண்டு நிமிஷத்தில் முடிக்க விடாதீர்கள். சைபர்பங்க் 2077 கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது. 1080பி, ஹை செட்டிங், ஃபிரேம் ஜெனரேஷன் ஆஃப். அதைத் திரும்பத் திரும்ப அரை மணி நேரம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். கடை ஏசியில் கார்டு 80 டிகிரியைச் சுற்றி நின்றால் கவலையில்லை. ஏசியிலேயே அதைத் தாண்டி, எஃப்பிஎஸ்ஸும் மெல்ல இறங்கினால், சித்திரை மாதத்தில் உங்கள் மாடி ரூமில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் தர முடியாது என்கிற கடைக்காரருக்கு அவருடைய பெட்டி மேலேயே நம்பிக்கை இல்லை.

கொண்டலாம்பட்டி: வீட்டை ஒட்டியே எங்கள் தறிப் பட்டறை. கரண்ட் ஏறி இறங்கும், பஞ்சுத் தூசியும் உண்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் தூசி உள்ளே விடாதுதானே? 600 விஏ யுபிஎஸ் போதுமா?

கண்ணாடி தூசியைத் தடுக்காது, காற்றைத்தான் தடுக்கும். ஓரத்துச் சந்துகள் வழியாக எப்படியும் பஞ்சு உள்ளே போகும். போனது ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே படிந்து, பிரித்துப் பார்த்தால் கம்பளித் துணி மாதிரி ஒரே படலமாக உரிந்து வரும். முன்பக்கம் வலை, அதன் பின்னால் கையால் கழற்றிக் கழுவுகிற ஃபில்டர் உள்ள கேபினெட்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஃபில்டரை வாரம் ஒரு முறை தட்டிப் போடுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள்.

600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது பிசி, மானிட்டர் இரண்டும் சேர்ந்து அதை நெருங்கினால் கரண்ட் போன கணமே யுபிஎஸ் கத்திக்கொண்டு அணைந்துவிடும். 1,000 விஏவுக்கு மேல் போங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (எஸ்எம்பிஎஸ் கரண்ட்டைச் சீராக இழுக்க உள்ள சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், வீட்டு கரண்ட் மாதிரியே வழுவழுப்பான அலை தரும் ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ்ஸாக இருப்பது நல்லது. மலிவு யுபிஎஸ்ஸின் கட்டம் கட்டமான அலையை அந்த எஸ்எம்பிஎஸ்களில் சில ஏற்றுக்கொள்வதில்லை.

ஏற்காடு, நாகலூர் பக்கம்: நம்ம ஊர் குளிருக்கு லிக்விட் கூலர் அவசியமா அண்ணா? சேலத்தில் வாங்கி வேனில் மேலே கொண்டுவரலாமா?

அவசியமே இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் மெலிசு, அதனால் ஃபேன் தள்ளுகிற காற்றின் பலம் சற்றுக் குறையும். ஆனால் கீழே உள்ளதைவிட அறை எப்போதும் குளிர்ச்சி, அதில் ஈடாகிவிடும். லிக்விட் கூலருக்கு வைத்த காசில் பெரிய எஸ்எஸ்டி வாங்கு. உனக்குப் பிரச்சினை பனிமூட்டமும் இடியும்தான். ஜன்னலோரம் வைக்காதே. இடி கேட்டால் பிளக்கோடு சேர்த்து நெட் வயரையும் பிடுங்கிவிடு, பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு என்பது கனமான கார்டுக்கு நல்ல உலுக்கல். கடையிலேயே கார்டைக் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் போட்டுத் தரச் சொல். முடியாது என்றால் கேபினெட்டைப் படுக்கப் போடு, கண்ணாடிப் பக்கம் மேலே. அப்போது கார்டு நட்டமாக நிற்கும், ஸ்லாட்டில் தொங்காது. வீட்டில் ஆன் செய்யும் முன் கார்டை மெல்ல அழுத்திப் பார்.

ஆத்தூர்: வேலரண்டும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2ம் மட்டும்தான் ஆடுவேன். ஆர்டிஎக்ஸ் 4060 வேண்டுமா?

வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 கார்டே தாராளம். மிச்சக் காசை நல்ல பிராசசரிலும், நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் போடுங்கள்.

ஓமலூர்: போன வாரம் வாங்கினேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான், ஆனால் பழைய பிசிக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்கும் முன் மூன்று இடம் பாருங்கள். மானிட்டர் வயர் கார்டில் செருகியிருக்கிறதா, போர்டில் மேலே உள்ள போர்ட்டிலா? போர்டில் செருகினால் கார்டு சும்மா கிடக்கும். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்றே இருக்கும், 144க்கு மாற்றுங்கள். மூன்றாவது, டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம். 3200 என்று வாங்கியது 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸில் (போர்டுக்குள்ளேயே இருக்கும் செட்டிங்) ராமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யவில்லை என்று அர்த்தம்.

அஸ்தம்பட்டி: கம்பெனி பிராண்டு பிசி எடுப்பதா, பெங்களூர் எஸ்பி ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி இங்கே பூட்டுவதா?

வழக்கமாகக் கேட்டால் பார்ட்ஸ் என்பேன். ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டுவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மெமரி தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி, கடைகளில் ராம், எஸ்எஸ்டி விற்கும் தன் க்ரூஷியல் பிராண்டு வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. பழைய விலை ராமோடு பூட்டிய பெட்டி கடையில் இன்னும் கிடந்தால், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகவே முடியலாம். அதனால் இன்றைய விலையில் கூட்டிப் பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள்.

கம்பெனி பெட்டியில் நல்லது, முழுப் பிசிக்கும் ஒரே வாரண்டி, சிலவற்றில் வீட்டுக்கே ஆள் வருவார். கெட்டது, சில பிராண்டுகளில் போர்டு அளவும் எஸ்எம்பிஎஸ் கனெக்டரும் அவர்களுடைய சொந்த வடிவம். நாலு வருஷம் கழித்துப் பெரிய கார்டு போட நினைத்தால் கையைக் கட்டிப்போடும். பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி, போர்டில் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பொதுவான 24 பின் கனெக்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

தாரமங்கலம்: பழகியவர் ஒருவர் 14ஆம் தலைமுறை ஐ7 பிசி விற்கிறார். அந்த பிராசசர் கெட்டுப்போகும் என்கிறார்களே?

13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் இன்டெலில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறிப் பிராசசர் தேய்ந்த பிரச்சினை உண்மை. 2024 ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோடு திருத்தம் (பயாஸ் அப்டேட்டோடு வரும் பிராசசருக்கான மென்பொருள் திருத்தம்) வந்தது, இன்டெல் வாரண்டியையும் 2 வருஷம் நீட்டியது. திருத்தம் மேலும் கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அவர் பயாஸை எப்போது அப்டேட் செய்தார், பில் இருக்கிறதா, இரண்டையும் கேளுங்கள். பெரிய கேம் ஒன்றைத் திறக்கும்போது காரணமில்லாமல் மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

குகை: ஒரே விலையில் ஒன்று ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி, இன்னொன்று ஆர்டிஎக்ஸ் 3060. பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைப்பதாகச் சொல்கிறார்கள்.

கேமுக்கு 5060. நான்கு வருஷம் புதியது, வேகமும் நன்றாகவே கூடுதல். வீட்டில் ஏஐ படம், பிளெண்டர் 3டி மென்பொருள் என்று நோண்டுகிறவர் என்றால் மட்டும் 3060இன் 12 ஜிபிக்கு மதிப்பு உண்டு. அதிலும் 8 ஜிபி 3060 என்று ஒன்று 2022இல் வந்தது, மெமரி பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது. அதைத் தொடாதீர்கள். பில்லைக் கண்டிப்பாக வாங்குங்கள், கார்டு, எஸ்எஸ்டி சீரியல் நம்பரை அதில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கு நாளைக்கு அதைத்தான் கேட்பார்கள்.