கல்லூரி மாணவரின் ஆங்கிலம்: ஓர் ஆசிரியரிடம் சில கேள்விகள்

(அரசு கலைக் கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம், அதாவது பட்டப்படிப்பு மாணவர்களுக்கான பொது ஆங்கிலப் பாடம், கற்பிக்கும் ஆசிரியர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் என் மகனுக்குப் பேச வரவில்லையே, ஐயா?

பதில்: "இவர்களுக்கு அடிப்படையே தெரியாது" என்று ஆசிரியர் அறையில் நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம், அந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எழுத்துத் தேர்வுதான். 60 பேர் கொண்ட வகுப்பில் ஒரு மணி நேரம் முழுவதையும் மாணவர்களுக்கே கொடுத்தாலும் ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். வாய் திறக்க வாய்ப்பே பெறாத பிள்ளையைத் திறனற்றவன் என்பது நியாயமன்று.

கேள்வி: அப்படியானால் அவர்கள் செய்யும் இலக்கணப் பிழைகளை எப்படிப் பார்க்கிறீர்கள்?

பதில்: பிழைகளை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் வகை, தமிழிலிருந்து வருவது. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று மனத்தில் அமைத்துக்கொண்ட மாணவி 'டிஸ்கஸ்டு அபவுட்' என்று எழுதுகிறாள்; ஆங்கிலத்தில் அங்கே 'அபவுட்' தேவையில்லை. 'தி' என்னும் சொல்லுக்கு நேரான ஒன்று தமிழில் இல்லாததால் அதை விட்டுவிடுகிறாள். இவை சிந்தித்து எழுதியதன் அடையாளங்கள். மனப்பாடக் கட்டுரையில் இவற்றைக் காண முடியாது. ஆகவே இத்தகைய பிழை நிறைந்த விடைத்தாளைக் கண்டால் எனக்கு நம்பிக்கையே பிறக்கிறது. இரண்டாம் வகை, 'ஹி கோஸ்' என்பதற்குப் பதில் 'ஹி கோ' என்பது. விதியைக் கேட்டால் அதே மாணவர் தடையின்றி ஒப்பிப்பார். பேசும்போது மட்டும் 'ஸ்' நழுவிவிடும். இங்கே குறைவாக இருப்பது அறிவன்று, பழக்கம். அந்த மாணவருக்கு மீண்டும் இலக்கண வகுப்பு எடுப்பதால் பயனில்லை.

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவள். வகுப்பில் பேசினால் சிரிக்கிறார்கள், ஐயா.

பதில்: சிரிப்பை நிறுத்துவது ஆசிரியரின் கடமை, நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மா. இருவராக அமர்ந்து முதலில் தோழியிடம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: புதிதாகப் பணியில் சேர்ந்துள்ளேன். ஆங்கில வகுப்பில் தமிழில் விளக்கலாமா?

பதில்: தாராளமாக விளக்கலாம், ஆனால் பாடம் முழுவதையும் மொழிபெயர்த்துத் தந்துவிடாதீர்கள், அப்படிச் செய்தால் மாணவர் ஆங்கிலப் பத்தியைத் தொடவே மாட்டார். கடினமான கருத்தைத் தமிழில் தெளிவாக்கிவிட்டு, அதைத் தம் சொந்த ஆங்கிலத்தில் மூன்று வரிகள் எழுதச் சொல்லுங்கள். திருத்தும்போது ஒரு தாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் குறியுங்கள். தாள் முழுவதும் சிவப்பு மையாகத் திரும்பினால், அடுத்த முறை வழிகாட்டிப் புத்தகத்தின் வரிகள்தான் உங்களிடம் வரும்.