ஃபேமிலி சூட்னு எழுதியிருந்தா போதாது, எத்தனை கதவுன்னு கேளுங்க

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வணக்கம் சார், எங்களுக்கு பாலக்கோடு பக்கம். பசங்கள பெங்களூரு வொண்டர்லா பார்க்குக்கு கூட்டிட்டு போறோம்னு போன வருஷமே சொல்லி தள்ளிப்போட்டுட்டோம், இந்த காலாண்டு லீவுல கண்டிப்பா போயே ஆகணும். நான், வீட்டுக்காரர், பொண்ணுக்கு 12 வயசு, பையனுக்கு 6, மாமியாருக்கு 70 ஆச்சு முட்டி வலி வேற, கூட நாத்தனாரும் அவங்க 10 மாச குழந்தையும். எல்லாரும் ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு ஃபேமிலி சூட் போடலாம்னு நான் சொல்றேன், அவரு சாதா ரூம் ரெண்டு போட்டா போதும்கறாரு. ஆப்ல பாத்தா எல்லா ஓட்டலும் பார்க்குக்கு பக்கத்துலன்னு தான் போட்டிருக்கு. எதை நம்பி புக் பண்றது?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, ஃபேமிலி சூட்ங்கற பேருக்கு ஒரே அர்த்தம் கிடையாது. ஒரு ஓட்டல்ல அது பெரிய ரூம்ல ரெண்டு டபுள் காட். இன்னொரு இடத்துல ஒரு பெட்ரூமு, அதுக்கு வெளிய சோபா போட்ட சின்ன ஹாலு, அந்த சோபாவை இழுத்துப்போட்டா ரெண்டு பேர் படுக்கலாம். வேற ஒரு இடத்துல முழுசா தனித்தனி ரூம் ரெண்டு, நடுவுல ஒரு கதவு, இதை கனெக்டிங் ரூம்னு சொல்வாங்க. மூணுக்குமே ஆப்ல போட்டிருக்கறது ஃபேமிலி சூட்னு தான், போட்டோவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் தெரியும்.

இது நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. சில வருஷம் முன்னாடி கிருஷ்ணகிரில இருந்து நாங்க எட்டு பேர் அந்தப் பக்கம் போயி ஒரு ஓட்டல்ல தங்கினோம், போட்டோல ரெண்டு ரூம் மாதிரி இருந்துச்சு, போய் பாத்தா ஒரே ரூமு, நடுவுல ஒரு பலகைத் தடுப்பு, அது மேல்கூரை வரைக்கும் கூட போகல. எட்டு பேருக்கு ஒரே பாத்ரூம். எங்க அத்தை ராத்திரில மூணு தடவையாவது எந்திரிப்பாங்க, லைட்டு போட்டா எல்லாரும் முழிச்சுக்குவாங்கன்னு இருட்டுலயே செவுத்தை புடிச்சுகிட்டு பாத்ரூமுக்கு நடந்திருக்காங்க, மறுநாள் ஊருக்கு திரும்பி வர்றப்போ தான் சொன்னாங்க. கீழ விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப நெனச்சாலும் மனசு கெடந்து அடிச்சுக்குது. அதனால தான் உங்க மாமியாரை பத்தி படிச்ச உடனே இந்த கேள்விக்கு விரிவா எழுதணும்னு தோணுச்சு.

புக் பண்றதுக்கு முன்னாடி ஓட்டலுக்கே நேரா போன் போடுங்க. சூட் இருக்கான்னு கேக்காதீங்க, இருக்குன்னு தான் சொல்வாங்க. உள்ள எத்தனை ரூமு, நடுவுல மூடற மாதிரி கதவு இருக்கா, பாத்ரூம் ஒண்ணா ரெண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, எந்த மாடி, லிஃப்ட் இருக்கா, லிஃப்ட்டுக்கு போறதுக்கே நாலு படி ஏறணுமான்னு கேளுங்க. இந்த கடைசி கேள்வியை நிறைய பேர் விட்டுடறாங்க, ரோட்டோர ஓட்டல்ல வாசல்லயே ஆறேழு படி இருக்கும், கைப்பிடி இருக்காது, முட்டி வலிக்காரங்களுக்கு அதுவே பெரும்பாடு. எக்ஸ்ட்ரா பெட்னு சொன்னா கட்டிலா தரைல போடற மெத்தையான்னும் கேட்டுக்கங்க, பெரும்பாலும் மெத்தை தான், அது 12 வயசு பொண்ணுக்கு ஓகே, மாமியாருக்கு ஆகாது.

உங்க வீட்டு கணக்குக்கு எனக்கு சரியா படறது கனெக்டிங் ரூம் தான். மாமியாரும் நாத்தனாரும் கைக்குழந்தையும் ஒரு பக்கம், நீங்க நாலு பேரும் இன்னொரு பக்கம், கதவை தொறந்து வச்சா ஒரே வீடு. குழந்தை ராத்திரி அழுதா சாத்திக்கலாம். அது கிடைக்கலைனா ஒரே மாடில பக்கத்து பக்கத்து ரூம் ரெண்டு. பக்கத்து ரூம் தர்றோம்னு போன்ல சொல்றதோட விடாதீங்க, வாட்ஸப்ல ஒரு மெசேஜா வாங்கி வச்சுக்கங்க, இல்லைனா போற அன்னைக்கு 104ம் 310ம் தான் கிடைக்கும்.

வீட்டுக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்குமா, அது வரி விஷயத்துல. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல போச்சுன்னா 18 சதவீதம். ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியா தான் இதை பாப்பாங்க. உதாரணத்துக்கு 8,000 ரூபாய்க்கு ஒரே சூட் எடுத்தா வரி மட்டும் 1,440 ரூபாய், அதே காசுக்கு 4,000, 4,000னு ரெண்டு ரூம் எடுத்தா ரூமுக்கு 200 வீதம் 400 ரூபாய். 1,040 ரூபாய் மிச்சம், ஏழு பேர் காலை டிபன் முடிச்சுடலாம். ஆப்ல மொதல்ல காட்டற ரேட்டுல பெரும்பாலும் வரி சேந்திருக்காது, கடைசி பக்கத்துல வர்ற தொகையை வச்சு தான் ஒப்பிட்டு பாக்கணும்.

அடுத்து இந்த பக்கத்துலங்கறது. பார்க்கு இருக்கறது மைசூர் ரோட்டுல 28வது கிலோமீட்டர், பிடதி கிட்ட. ஆனா கெங்கேரில இருக்கற ஓட்டலும் பார்க்குக்கு பக்கத்துலன்னு தான் வரும், ராமநகரா ஓட்டலும் அப்படித்தான் வரும், ரெண்டும் ரெண்டு திசை. இதுல இன்னொரு சிக்கல், 2023ல தொறந்த பெங்களூரு மைசூரு எக்ஸ்பிரஸ்வேல நெனச்ச எடத்துல எறங்க முடியாது, யூ டர்ன் போட முடியாது, எக்ஸிட்டை விட்டுட்டா ரொம்ப தூரம் போயி தான் திரும்பி வரணும், டோல் வேற இருக்கு. ஓட்டலும் பார்க்கும் மேப்ல எதிரெதிரா தெரிஞ்சாலும் வண்டில சுத்திகிட்டு தான் போகணும். அதனால மேப்ல ஓட்டல் பேரையும் பார்க் பேரையும் போட்டு கார்ல எத்தனை நிமிஷம்னு பாருங்க, போறதுக்கு ஒரு தடவை, வர்றதுக்கு ஒரு தடவை. சாயந்தரம் ஆறு ஆறரைக்கு பாருங்க, நீங்க ரூமுக்கு திரும்பற நேரம் அது தான். காசு ஒத்துவந்தா பார்க் வளாகத்துக்குள்ளயே அவங்க ரிசார்ட் இருக்கு, 2012ல இருந்து நடக்குது, மாமியாரை நடுவுல ரூமுக்கு கூட்டிட்டு போயி படுக்க வைக்கணும்னா அதுமாதிரி வசதி வேற எங்கயும் வராது. விலை கூட தான் இருக்கும், ஆனா உங்கள மாதிரி பெரியவங்களும் கைக்குழந்தையும் இருக்கற வீட்டுக்கு அதை மொதல்ல விசாரிச்சுட்டு அப்புறம் மத்ததை பாருங்கன்னு தான் நான் சொல்வேன்.

சுடு தண்ணி. இதை தயவு செஞ்சு மறந்துடாதீங்க. பெங்களூரு சுத்துவட்டாரத்துல நிறைய லாட்ஜுல சோலார் ஹீட்டர், காலைல மட்டும் தான் சுடு தண்ணி விடுவாங்க. நீங்க தண்ணில ஆடிட்டு நடுங்கிகிட்டு வர்றது சாயந்தரம். 24 மணி நேரமும் வருமா, ரூமுக்குள்ள கீசர் இருக்கான்னு கேளுங்க, கீசர் இருந்தாலும் சின்னதா இருந்தா ரெண்டு பேர் குளிச்சதும் தீந்துடும், அப்புறம் கால் மணி நேரம் காத்திருக்கணும், பாத்ரூம் ரெண்டு வேணும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். ஈரத்துணி காயப்போட பால்கனியோ மொட்டை மாடியோ இருந்தா நல்லது, நாலு மீட்டர் நைலான் கயிறும் பத்து க்ளிப்பும் கொண்டு போங்க.

பசங்க விஷயம் கொஞ்சம். பார்க்குல குழந்தை டிக்கெட் வயசை வச்சு இல்ல, உயரத்தை வச்சு. ஓட்டல்ல அப்படியே தலைகீழு, வயசை தான் பாப்பாங்க, சில இடத்துல 5 வயசு வரைக்கும் ஃப்ரீ, சில இடத்துல அதுக்கு மேலயும் விடுவாங்க, அதனால பையனோட ஆதாரை எடுத்துக்கங்க, பெரியவங்க எல்லாருக்குமே ஓட்டல்ல ஐடி கேப்பாங்க. பொண்ணு உயரத்தை வீட்டுலயே அளந்து பாத்துடுங்க, பெரிய ரைடு நிறைய 140 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா தான் ஏத்துவாங்க, அங்க போயி வரிசைல நின்னு கிட்ட போனதுக்கப்புறம் திருப்பி அனுப்பினா புள்ள மொகம் வாடிப்போயிடும், முன்னாடியே சொல்லி வச்சுட்டா அவ மனசு தயாரா இருக்கும். தண்ணி ரைடுக்கு காட்டன் துணி ஆகாது, நைலான் மாதிரி துணி தான், உங்களுக்கும் சேத்து தான் சொல்றேன், சுடிதாரோட எறங்க விடமாட்டாங்க. வெளிச்சாப்பாடு உள்ள விடமாட்டாங்க, கைக்குழந்தை சாப்பாடு, மாமியார் மாத்திரை மட்டும் கேட்டுல சொல்லி எடுத்துட்டு போங்க. கட்டி எடுத்துட்டு போற புளிசாதத்தை வழியிலயே சாப்பிட்டு முடிச்சுடுங்க.

காலாண்டு லீவும் தசராவும் ஒண்ணா வந்தா மைசூரு போற கூட்டம் மொத்தமும் அதே ரோட்டுல தான் போகும், ரூம் ரேட்டும் ஏறிடும். லீவுக்குள்ள செவ்வாய் புதன் மாதிரி நாள் பாருங்க, பார்க் டிக்கெட்டும் பெரும்பாலும் சனி ஞாயிறை விட கம்மி.

கேள்வி: காவேரிப்பட்டணத்துல இருந்து எழுதறேன். ஒரு ராத்திரி தான் தங்க முடியும். பார்க்குக்கு முந்தின நாள் தங்கறதா, பார்க் முடிஞ்சு தங்கறதா? வாடகை வண்டில போறோம்.

பதில்: பார்க் முடிஞ்சு தங்குங்க. என் கருத்து இதுல மாறவே மாறாது. முந்தின நாள் தங்கினா காலைல ரூமை காலி பண்ணி, பை எல்லாம் வண்டில அடைச்சு, நாள் பூரா வெயில்லயும் தண்ணிலயும் ஆடிட்டு, ராத்திரில பெங்களூருக்கு வெளிய சுத்திப்போற நைஸ் ரோடு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளினு அந்த லாரி கூட்டத்துல வரணும். டிரைவரும் மனுசன் தானே, அவரும் நாள் பூரா பார்க்கிங்ல வெயில்ல உக்காந்திருப்பாரு. காலைல ஆறு மணிக்குள்ள கிளம்பினீங்கன்னா பிடதில தட்டே இட்லி சாப்பிட்டுட்டு பார்க் தொறக்கற நேரத்துக்கு போயிடலாம், அந்த இட்லி தட்டு அளவுக்கு பெருசா பஞ்சு மாதிரி இருக்கும், வெண்ணெய் வச்சு குடுப்பாங்க, விட்டுடாதீங்க. சாயந்தரம் ரூமு, சுடு தண்ணி, சாப்பாடு, தூக்கம், மறுநாள் நிதானமா ஊரு.

ஆனா சாயந்தரம் ஏழு மணிக்கு தான் வருவோம்னு ஓட்டலுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, கொஞ்சம் பணம் கட்டி ரசீதும் வாங்கிக்கங்க, லீவு நாள்ல ஆளு வரலைன்னு ரூமை வேற ஆளுக்கு குடுத்துடற இடமும் இருக்கு. ராத்திரி சாப்பாடு அங்க எத்தனை மணி வரைக்கும்னு கேளுங்க. டிரைவர் படுக்க இடம் இருக்கா, குளிக்க வசதி இருக்கான்னு கேக்காம எந்த ரூமையும் போடாதீங்க, மறுநாள் உங்க குடும்பமே அவரு கைல தான் இருக்கு. வாடகை வண்டிக்கு கர்நாடகா போற பர்மிட், வரி எல்லாம் யார் செலவுன்னு வண்டிக்காரர்கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க.

கேள்வி: ஊத்தங்கரை. ஆப்ல நாலு பேருக்கு ஃபேமிலி ரூம் புக் பண்ணி முழு பணமும் கட்டிட்டோம். போனா ரெண்டு பசங்களுக்கு தனியா காசு கேட்டாங்க, காலை டிபனும் ரெண்டு பேருக்கு தான்னு சொல்லிட்டாங்க. ராத்திரி நேரம், பசங்கள வச்சுகிட்டு என்ன பண்றது, குடுத்துட்டு வந்தோம். இது சரியா?

பதில்: புக்கிங் பேப்பர்ல எத்தனை பேர்னு இருக்குன்னு மொதல்ல பாருங்க. நிறைய பேர் தேடும்போது ஆப்ல தானா வர்ற ரெண்டு பேருங்கறதை மாத்தாமயே ரூமை போட்டுடறாங்க, ரூம் பேர்ல ஃபேமிலின்னு இருந்தாலும் புக்கிங் ரெண்டு பேருக்கு தான் ஆகும், அப்ப ஓட்டல்காரங்க கேக்கறது தப்புன்னு சொல்ல முடியாது. நாலு பேர், பசங்க வயசு இன்னதுன்னு சரியா போட்டு, பேப்பர்லயும் நாலு பேருன்னு வந்திருந்தும் கேட்டாங்கன்னா அது தப்பு தான். குடுத்த காசுக்கு பில் இருக்கா? பில், புக்கிங் பேப்பர் ரெண்டையும் வச்சு ஆப் கம்பெனிக்கு மொதல்ல எழுதுங்க, பதில் வரலைனா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். அந்த நேரத்துல நீங்க குடுத்துட்டு வந்ததை தப்புன்னு நான் சொல்லமாட்டேன், தூக்கம் வந்த பசங்களோட ராத்திரில வேற ரூம் தேடறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். அடுத்த தடவை டிபன் எத்தனை பேருக்குங்கற வரியை மட்டும் தேடி படிச்சுடுங்க.

கேள்வி: நாங்க ஓசூர். சொந்த கார், ரெண்டு பசங்க, 8 வயசு 5 வயசு. எங்களுக்கும் ரூம் தேவையா?

பதில்: தேவையில்லைங்க. நைஸ் ரோடு வழியா நெரிசல் இல்லாத நேரத்துல ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம், ரூம் காசுக்கு பசங்களுக்கு பார்க்லயே நல்லா சாப்பாடு வாங்கி குடுங்க. வெளிய வந்ததும் ஈரத்தோட வண்டில ஏத்தாதீங்க, தலை நல்லா துவட்டி காஞ்ச துணி மாத்தி, பின் சீட்ல ஒரு போர்வை போட்டு வைங்க, அத்திப்பள்ளி டோல் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் தூங்கிடுவாங்க.