வாசகர் கேள்வி – பதில்: சிறிய கைகளுக்கு எந்த விசைப்பலகை?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலை செய்கிறேன். விண்ணப்பங்கள், காணிக் கடிதங்கள், அழைப்பிதழ்கள் என்று நாள் முழுவதும் பாமினி எழுத்துரு முறையில்தான் தட்டச்சு. என் கைகள் சிறியவை. பின்னேரமானால் இரண்டு சுண்டுவிரல்களும் கையின் வெளிப்பக்கமும் நோகின்றன. சுவிஸிலுள்ள அண்ணா, ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்சு உள்ள மெக்கானிக்கல் விசைப்பலகை ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். ஆகச் சின்னதாக ஒன்றைக் கேட்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: சின்னதாகக் கேட்பதனால் உங்கள் நோவு குறையும் என்று சொல்ல முடியாது. கடைகளில் ‘60 சதவீதம்’, ‘75 சதவீதம்’ என்று விற்கப்படும் சிறிய விசைப்பலகைகளில் ஓரத்து விசைகள்தான் நீக்கப்பட்டிருக்கின்றன. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்குள்ள தூரம் பெரும்பாலும் பெரிய விசைப்பலகையிலுள்ள அதே 19.05 மில்லிமீற்றர்தான். வலப்பக்கத்து எண் விசைகள் இல்லாதபோது மவுஸ் உடலுக்கு அருகே வருவதால் தோளுக்கு ஆறுதல் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் நோவது உங்கள் தோள் அல்ல.

சுண்டுவிரல்கள் ஏன் நோகின்றன என்பதற்கான விடை நீங்கள் தட்டச்சு செய்யும் முறையிலேயே இருக்கிறது. பாமினியில் கு, து, மு, ரு ஆகிய எழுத்துகளுக்கும் ஏகாரக் கொம்புக்கும் ஷிஃப்ட் தேவை. ‘இருக்கிறது’ என்று ஒருமுறை எழுதினால் இரண்டு தடவை ஷிஃப்டை அழுத்துகிறீர்கள். இவற்றுள் கு தவிர மற்றவை வலது கை எழுத்துகள் என்பதால், முறைப்படி பழகியவர்களுக்கு அந்தச் சுமை முழுவதும் இடது சுண்டுவிரலில் விழுகிறது. வலது சுண்டுவிரலுக்கும் ஓய்வில்லை: புள்ளி வைக்கும் விசை அதன் பொறுப்பு, பிழையை அழிக்கும் பாக்ஸ்பேஸ் விசையை எட்டுவதற்கு அந்த விரல் தன் இடத்திலிருந்து ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் போக வேண்டும். நீளமான கை உள்ளவருக்கு இது விரலின் வேலை. உங்களுக்கோ மணிக்கட்டு வெளிப்புறமாக வளைந்தால்தான் எட்டும்.

ஆகவே புதியது வந்து சேரும்வரை காத்திராமல் இரண்டு மாற்றங்களை இப்போதே செய்துபாருங்கள். மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற மென்பொருளில் விசைகளை இடம் மாற்றும் வசதி உண்டு. அதைக்கொண்டு, யாருக்கும் பெரிதாகப் பயன்படாத காப்ஸ்லொக் விசையை பாக்ஸ்பேஸ் ஆக்கிவிட்டால், அழிப்பதற்கான விசை இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அடுத்தது விண்டோஸிலேயே உள்ள ஸ்டிக்கி கீஸ் என்ற அமைப்பு. அதை இயக்கினால் ஷிஃப்டைத் தட்டிவிட்டு, கையை மீட்டெடுத்து, பிறகு எழுத்தைத் தட்டலாம். பிடித்துக்கொண்டே விரலை விரிக்கத் தேவையில்லை. முதலில் தடுமாற்றமாகத்தான் இருக்கும். கைக்கு எது உதவுகிறது என்பது தெரிந்துவிட்டால், வாங்கும்போதும் எதைக் கேட்பது என்பது தெளிவாகும்.

இனி அண்ணாவிடம் சொல்ல வேண்டியது. விலையையும் நிறத்தையும் விட முக்கியமானது, அமெரிக்க ஆங்கில அமைப்பையே வாங்க வேண்டும் என்பதாகும். சுவிஸ், ஜேர்மனிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் ஒய், இசட் எழுத்துகள் இடம் மாறியிருக்கும் என்பதைப் பலர் அறிவார்கள்; அதைக் கணினியில் சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்ய முடியாதது விசைகளின் உருவம். ஐரோப்பிய அமைப்புகளில், இலண்டனில் விற்பவை உட்பட, இடது ஷிஃப்ட் குறுகிப்போய், அதற்கும் இசட் நிற்க வேண்டிய இடத்துக்கும் நடுவில் வேறொரு விசை புகுந்திருக்கும். எனவே உங்கள் இடது சுண்டுவிரல் ஒவ்வொரு ‘து’வுக்கும் ஒரு விசை தூரம் கூடுதலாகப் போக நேரிடும். என்ரர் விசையும் அவ்வாறே சற்று விலகியிருக்கும்.

இரண்டாவது, உயரம். மெக்கானிக்கல் விசைப்பலகைகள் பெரும்பாலும் தடித்தவை. சிறிய கை அதன்மீது ஏறி நிற்பதால் மணிக்கட்டு பின்னோக்கி வளைகிறது. ‘லோ புரொஃபைல்’ என்று குறிக்கப்பட்ட தாழ்ந்த வகையைக் கேளுங்கள். எந்த வகையானாலும் பின்பக்கத்துக் கால்களை மடித்தே வையுங்கள்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்சு வரிசையில் சிவப்பு சுவிட்சுக்கு 45 சென்ரிநியூட்டன் (அழுத்தத் தேவையான பலத்தின் அலகு), மண்ணிறத்துக்கு 55, நீலத்துக்கு 60 என்பது கணக்கு. உங்களுக்குச் சிவப்பு போதும். அதைவிட மென்மையானவையும் உண்டு. ஆனால் விரல்களை விசைகளின்மேல் வைத்தபடி யோசிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அவை வேண்டாத எழுத்துகளைத் தாமே கொட்டிவிடும். நீலத்தின் ‘டிக் டிக்’ ஓசையை உங்கள் நிலையத்துக்கு வருபவர்கள் மன்னிக்கமாட்டார்கள். இந்தச் சுவிட்சுகளின் வழக்கமான உயர வகையில் விசையின் மொத்த இறக்கம் 4 மில்லிமீற்றர். சிவப்பில் 2 மில்லிமீற்றரிலேயே எழுத்து விழுந்துவிடும். பழைய ரப்பர் விசைப்பலகையில் பழகிய வேகத்துடன் அடிவரை குத்தினால் இந்த நன்மை வீணாகும்.

விரல்கள் மரத்துப்போவதோ இரவில் நோவினால் விழிப்பதோ இருந்தால் வைத்தியரைக் காணுங்கள். அது விசைப்பலகையால் தீரும் விடயமல்ல.

கேள்வி: வவுனியாவில் படிக்கிறேன். தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்வேன். சிறிய கைகளுக்கு இரண்டாகப் பிரிந்த ‘கோர்ன்’ விசைப்பலகை நல்லது என்கிறார்கள். தமிழுக்கு ஒத்துவருமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: ஒத்துவரும், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அல்ல. கோர்ன், ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்துத் திறந்த மூலமாக வெளியிட்டது. மொத்தம் 42 விசைகள். விரல்களின் நீளத்துக்கேற்ப விசைகளின் செங்குத்து வரிசைகள் மேலும் கீழுமாக அமைந்திருப்பதாலும், எந்த விரலும் ஒரு விசைக்கு மேல் விலக வேண்டாதபடியாலும் சிறிய கைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ‘சொக்’ எனப்படும் தாழ்ந்த வகைச் சுவிட்சுகளுக்கென விசை இடைவெளியைப் பக்கவாட்டில் 18, மேல்கீழாக 17 மில்லிமீற்றராகக் குறைத்த பிரிந்த விசைப்பலகைகளும் கிடைக்கின்றன.

சிக்கல் ‘ச’வில் இருக்கிறது. தமிழ் 99இல் ச, ஞ இரண்டும் பி (P) எழுத்துக்கு வலப்பக்கத்திலுள்ள சதுர அடைப்புக்குறி விசைகளில் உள்ளன. கோர்னில் அந்த இடத்தில் ஒரேயொரு விசைதான், அதிலும் வழக்கமாக பாக்ஸ்பேஸ் குடியிருக்கும். ஆங்கிலத்துக்காக வடிவமைத்தவருக்கு அடைப்புக்குறி எப்போதாவது தேவைப்படுவது; நமக்கு ‘ச’ இல்லாமல் ஒரு பத்தியும் நகராது. பாக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு மாற்றி, அந்த இடத்தை ‘ச’வுக்குக் கொடுத்து, அரிதாக வரும் ‘ஞ’வை, வேறொரு விசையைச் சேர்த்து அழுத்தும்போது கிடைக்கும் இரண்டாம் அடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகைக்குள்ளேயே இயங்கும் க்யூஎம்கே போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உதவும். நெடில்களுக்கு ஷிஃப்ட் தேவைப்படாத தமிழ் 99க்கு, இதைச் செய்த பிறகு சுண்டுவிரல் வேலை மிகக் குறைவாகவே எஞ்சும்.

கேள்வி: சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கத்துப் புழுதிக்கு இத்தகைய விசைப்பலகை தாங்குமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: சுவிட்சுகளைப் பற்றவைப்பின்றிக் கழற்றி மாற்றக்கூடிய ‘ஹொட் ஸ்வொப்’ வகையை வாங்கினால் தாங்கும். ஒரு விசை மக்கர் பண்ணினால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் மாற்றலாம். அனுப்புபவரிடம் உதிரியாகச் சில சுவிட்சுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் துணியால் மூடுங்கள். விசைகளின் மேல்மூடிகளைக் கழற்றித் தூரிகையால் துடைக்கும்போது, அதற்கு முன்பே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் எந்த மூடி எங்கே என்று தேட வேண்டியிராது.