ரத்தம் பார்க்கும் வேலையா என்று கேட்ட தந்தைக்கு

ஐயா, தடயவியல் படிக்க ஆசைப்படும் மகளைப் பிணங்களுக்கு நடுவே அனுப்ப மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். அவள் குறிப்பிட்டுக் கேட்பது தொடு டி.என்.ஏ. ஆய்வு, அதாவது கைபட்ட பொருளில் ஒட்டிக்கொண்ட செல்களிலிருந்து ஆளை அறியும் வேலை. பெரும்பாலும் அங்கே ரத்தக்கறையே இருக்காது.

மேசைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஈரப் பஞ்சுக்குச்சியை உருட்டி உருட்டி அதன் வரிப்பள்ளங்களைத் துடைக்க வேண்டும். பிறகு அதே இடத்தை உலர்ந்த குச்சியால் இன்னொரு முறை. முகக்கவசம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசினாலும், துடைத்தவரின் டி.என்.ஏ.வே முடிவில் வந்து நிற்கக்கூடும். அதனால்தான் ஊழியர்களின் டி.என்.ஏ. விவரத்தையும் ஆய்வகங்கள் ஒப்பிடுவதற்காக வைத்திருக்கின்றன.

ஒரு மனித செல்லில் இருப்பது சுமார் 6.6 பிகோகிராம் டி.என்.ஏ.தான். கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் பிகோகிராம். அத்தனை சிறியதை பி.சி.ஆர். முறையில் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிப் படிக்கிறார்கள். தொட்ட பொருளிலிருந்தே இப்படி ஆளை அறியலாம் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே கட்டுரை, ஒருவரின் டி.என்.ஏ. இன்னொருவர் கை வழியாகவும் போகலாம் என்று அப்போதே எச்சரித்தது. நான் உங்களோடு கை குலுக்கிவிட்டு ஒரு கத்தியைப் பிடித்தால், அதில் உங்கள் டி.என்.ஏ.வும் கிடைக்கலாம். கத்தியை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.

ஜெர்மனியில் நடந்ததை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைக்க, போலீஸார் ஆண்டுக்கணக்கில் அவளைத் தேடினார்கள். 2009இல் உண்மை தெரிந்தது: அது, போலீஸார் தடயம் துடைத்த பஞ்சுக்குச்சிகளின் தயாரிப்பில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்தவைதான், ஆனால் கிருமி நீக்கம் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.வை அழித்துவிடாது. இதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டுப் போனால் எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். "அப்படியானால் அந்தக் குச்சிகளை முன்பே எப்படிச் சோதித்திருக்கலாம்?" என்று கேட்டால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, இளநிலையிலேயே தடயவியல் என்ற பெயர்ப்பலகையைத் தேடி ஓட வேண்டாம் என்பது என் கருத்து. மரபியல், உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல் இவற்றில் ஒன்றை ஆழமாகப் படித்துவிட்டு முதுநிலையில் தடயவியலுக்கு வரட்டும். தடயவியல் ஆய்வகங்களில் இடங்கள் குறைவு. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பி.சி.ஆர். கை பழகியவர்களுக்கு நோய் கண்டறியும் கூடங்களிலும் வனவிலங்குக் குற்ற ஆய்விலும் வேலை உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம் என்று கேளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில், "அவளுக்குக் கணக்கு என்றால் ஆகாது" என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. கைபட்ட பொருளில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரின் டி.என்.ஏ. கலந்தே கிடைக்கும். இந்தக் கலவையில் சந்தேக நபர் இருந்தால் இப்படியொரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று நீதிமன்றத்தில் எண்ணாகச் சொல்ல வேண்டும். முழுக்க முழுக்க நிகழ்தகவு. சேர்க்கைக்கு முன் ஒரு நாள் அவளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள், கணக்கு எந்த வகுப்பில் கசந்தது என்று கேட்டுப் பார்க்கிறேன்.