புத்தகப் பாரசீகம் ஓரளவு தெரியும், ஆனால் ஈரானியர் பேசினால் புரிவதில்லை. பேச்சுப் பாரசீகத்தை எப்படிக் கற்றுக்கொள்வது?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். இலக்கணப் புத்தகத்தை முடித்துவிட்டீர்கள், செய்தி கேட்டால் பிடிபடுகிறது, ஈரானியத் தொடர் நாடகம் போட்டால் ஒன்றும் விளங்கவில்லை. அதனால் எழுத்து மொழியை ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சு மொழியை அடியிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். படித்தது எதுவும் வீண்போகவில்லை. தெஹ்ரானில் பேசுவது வேறு மொழியல்ல, நீங்கள் படித்ததே சுருங்கிப்போயிருக்கிறது. அந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டிருக்கேன்' என்றோ, எங்கள் பக்கத்தில் 'வந்துகொண்டிருக்கிறன்' என்றோ சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது புதிய சங்கதியே இல்லை. ஐரோப்பிய மொழி பேசுகிறவர்கள்தான் இதைக் கண்டு திகைப்பார்கள்.

நான் இருப்பது ரொறன்ரோவில். வேலையிடத்தில் ஈரானியர் நிறையப் பேர். யங் வீதியில் ஃபிஞ்சுக்கு வடக்கே போனால் கடைப் பலகைகளே பாரசீகத்தில்தான் இருக்கும். நான் புத்தக மொழியில் பேசும்போதெல்லாம் 'கெதாபீ ஹர்ஃப் மீஸனீ' என்பார்கள். புத்தகம் மாதிரிப் பேசுகிறாய் என்று பொருள். கேலிதான், ஆனால் பாராட்டும் கொஞ்சம் கலந்திருக்கும்.

முதலில் ஒலி. சொல்லின் ஈற்றில் வரும் 'ஆன்' பேச்சில் 'ஊன்' ஆகும். ரொட்டிக்கான 'நான்' என்ற சொல் 'நூன்' ஆகிறது, மழையைக் குறிக்கும் 'பாரான்' 'பாரூன்' ஆகிறது, தெஹ்ரான் தெஹ்ரூன் ஆகிறது. வீட்டைக் குறிக்கும் 'கானே' 'கூனே' ஆவதைப் போல நடுவிலும் வரும். 'ஆம்' என்பதும் பல இடங்களில் இப்படித்தான்: முடிந்தது என்னும் 'தமாம்' 'தமூம்' ஆகும். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இதைப் பூட்டிவிடாதீர்கள். குர்ஆன் குர்ஆனாகவே இருக்கும், மாகாணம் என்று பொருள்படும் 'ஒஸ்தான்' ஒருபோதும் 'ஒஸ்தூன்' ஆகாது. வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொல் மாறும், அலுவலகச் சொல்லும் மதச் சொல்லும் மாறாது என்று எடுத்துக்கொண்டால் முக்கால்வாசி சரியாக வரும்.

அடுத்தது வினை. நாடகம் புரியாமல் போவதற்குக் காரணம் இதுதான் என்பேன். அதிகம் புழங்கும் வினைகள்தான் அதிகம் தேய்ந்திருக்கின்றன. போகிறேன் என்பதற்கு 'மீரவம்' என்று படித்திருப்பீர்கள், அவர்கள் 'மீரம்' என்பார்கள். 'மீகூயம்' (சொல்கிறேன்) 'மீகம்' ஆகிறது, 'மீகாஹம்' (வேண்டும்) 'மீகாம்' ஆகிறது, 'மீஷவத்' (ஆகிறது) 'மீஷே' ஆகிறது, 'மீநெஷீனம்' (உட்காருகிறேன்) 'மீஷீனம்' ஆகிறது. விகுதிகளும் மாறும். 'அத்' 'ஏ' ஆகும், 'அந்த்' 'அன்' ஆகும், 'ஈத்' 'ஈன்' ஆகும். பாரசீகத்தில் பெயர்ச்சொல்லோடு ஒரு சின்ன வினையைச் சேர்த்துக் கூட்டு வினை செய்வதுதான் வழக்கம் என்பதால், இப்படித் தேய்ந்த பத்துப் பன்னிரண்டு வினைகளைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் மனப்பாடம் செய்தால் பேச்சில் பெரும்பகுதி திறந்துவிடும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. மனப்பாடம் என்றால் இப்போது பலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

அப்புறம் ஈற்றில் வரும் 'ஏ'. காதைக் குழப்புவதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. 'கூபே' என்றால் நன்றாக இருக்கிறது. 'பெசரே' என்றால் அந்தப் பையன், அதாவது நம் இருவருக்கும் தெரிந்த பையன். 'மீரே' என்றால் போகிறான். 'தரே கூனே' என்றால் வீட்டுக் கதவு, அங்கே வருவது இரண்டு சொற்களை இணைக்கும் எஸாஃபே. பிரித்தறிய அழுத்தத்தைக் கவனியுங்கள். பையனைச் சுட்டும் 'ஏ' அழுத்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். 'இருக்கிறது' என்னும் 'ஏ'வும் எஸாஃபேயும் அழுத்தம் இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். வினையில் அழுத்தம் 'மீ'யில் விழும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

'ஓ'வும் இப்படித்தான். செயப்படுபொருளைக் காட்டும் 'ரா' பேச்சில் 'ரோ' அல்லது வெறும் 'ஓ' ஆகிறது, 'உம்' போல வரும் 'வ'வும் 'ஓ' ஆகிறது. 'நூனோ பெதே' என்றால் ரொட்டியைத் தா. 'நூனோ பனீர்' என்றால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். பின்னால் வருவதைக் கேட்ட பிறகுதான் எது என்று தெரியும்.

வாக்கிய அமைப்பில் மாற்றம் குறைவு. வீட்டுக்குப் போனேன் என்பதற்கு 'ரஃப்தம் கூனே' என்பார்கள், இடம் வினைக்குப் பின்னால் போய்விடும், வேற்றுமைச் சொல் எதுவும் இருக்காது. நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு 'தாரம் மீரம்' என்று இரண்டு வினையும் சேர்ந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. குறிப்பெடுக்கத் தமிழ் எழுத்தைப் பயன்படுத்தாதீர்கள். முடியும் என்பதற்கும் தெரியும் என்பதற்கும் பேச்சு வடிவங்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் 'மீதூனம்' என்றே வரும். பாரசீக எழுத்தில் ஒன்றில் தே என்ற எழுத்து, மற்றதில் தால் என்ற எழுத்து. இந்தப் பதிலில் நான் எழுதியிருப்பதையும் ஒலிப்பு வழிகாட்டியாக எடுக்காமல் அடையாளத்துக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாதைக்கு வருவோம். 'தோ' என்றால் நீ, 'ஷோமா' என்றால் நீங்கள் என்று புத்தகம் நிறுத்திவிடும். பேச்சில் 'ஷோமா'வுக்கு ஒருமை வினையைப் போடுவதும் உண்டு. 'ஷோமா கொஃப்தீன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஷோமா கொஃப்தீ' என்பார்கள். இலக்கணப்படி பிழை, ஆனால் பழகிய, அதே நேரம் மட்டுமரியாதை விட்டுப்போகாத இடங்களில் சர்வசாதாரணம். யாழ்ப்பாணத்தில் 'நீர்' நிற்கும் இடத்துக்கு இது கிட்ட வருகிறது.

தஆரொஃப், அதாவது மரியாதைக்காகச் சொல்லும் உபசாரப் பேச்சு, தனிப் பாடம். பேக்கரியில் விலை கேட்டால் 'காபெலீ நதாரே', ஒன்றும் பெரிதில்லை, என்பார் கடைக்காரர், கார்ட் மெஷினை நீட்டிக்கொண்டே. பணம் கொடுக்கத்தான் வேண்டும். உதவி செய்தவரிடம் 'தஸ்தெத் தர்த் நகோனே' என்றால் உன் கை வலிக்காதிருக்கட்டும் என்று பொருள். அதற்கு 'சரெத் தர்த் நகோனே', உன் தலை வலிக்காதிருக்கட்டும், என்று பதில் வரும். இவற்றைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல் முழுசாக விழுங்கிவிடுங்கள்.

எதைக் கேட்பது? செய்தி வேண்டாம், அது உங்களுக்கு ஏற்கனவே புரிகிறது. தொடர் நாடகத்துக்கு முன்னால் பாட்காஸ்ட் நல்லது, ஒரே ஆள் ஒரே வேகத்தில் பேசுவார். 'சேனல் பீ' என்று ஒன்று இருக்கிறது, உண்மைக் கதைகளைச் சாவகாசமாகப் பேச்சு மொழியில் சொல்வார்கள். அதில் இரண்டு நிமிடத்தை எடுத்து, கேட்டதைக் கேட்டபடி எழுதி, பக்கத்தில் புத்தக வடிவத்தையும் எழுதுங்கள். எழுத்து மொழி கைவசம் இருப்பதன் பயன் அப்போது தெரியும், ஏனென்றால் அகராதியில் தேட அந்த வடிவம்தான் வேண்டும். இன்ஸ்டகிராம், டெலிகிராமில் ஈரானியர் எழுதுவதையும் வாசியுங்கள். பேசுகிறபடியே எழுதுவார்கள், 'ஷெகஸ்தே நெவீசீ' (உடைத்தெழுதுதல்) என்று அதற்குப் பெயர். காதுக்கு எட்டாததைக் கண் பிடித்துக்கொடுக்கும்.

இவ்வளவும் தெஹ்ரான் பேச்சு. தலைநகர்ப் பேச்சு வானொலி, தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இஸ்ஃபஹான்காரரும் மஷ்ஹத்காரரும் வெளியாளிடம் ஏறக்குறைய இப்படித்தான் பேசுவார்கள், தங்களுக்குள் வேறு மாதிரி. இஸ்ஃபஹானில் 'கூபே' 'கூபெஸ்' ஆகிவிடும். உங்கள் நண்பர்கள் காபூல்காரர்கள் என்றால் மேலே சொன்னதில் பாதியை விட்டுவிடுங்கள். அங்கே ரொட்டிக்கான 'நான்' 'நூன்' ஆகாமல் 'நான்' ஆகவே இருக்கும், 'தாரம் மீரம்' வழக்கில் இல்லை. சிங்கத்துக்கும் பாலுக்கும் ஈரானியர் ஒரே 'ஷீர்'தான் சொல்வார்கள், காபூலில் சிங்கம் 'ஷேர்', பால் 'ஷீர்'. அதற்கு தரீ (ஆப்கானியப் பாரசீகம்) பேச்சு வழக்கென்றே தனியாகக் கேட்டுப் பழக வேண்டும்.