கரண்ட் பில் எங்கே போகுது? சேலம், ஏற்காடு கேள்விகளுக்கு ஒரு எரிசக்தி தணிக்கையாளரின் பதில்

கடை, விடுதி, மண்டபம், மருத்துவமனை நடத்துகிறவர்களும் அங்கே வேலை பார்க்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகமான பி.இ.இ.யிடம் சான்று பெற்ற தணிக்கையாளர். ஏசியோ சோலார் பேனலோ விற்பதில்லை, அதனால் மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

ஐந்து ரோடு, ஜவுளிக்கடை மேலாளர்: சார், நாலு மாடிக் கடை. லைட் எல்லாம் எல்இடி ஆக்கியாச்சு, ஏசியும் புதுசு. ஆனா பில் இறங்கவே இல்லை. ராத்திரி 9.30க்குப் பூட்டும்போதும் காலையில 9 மணிக்குத் திறக்கும்போதும் மீட்டரைக் குறிச்சுப் பார்த்தோம். 92 யூனிட் ஓடியிருக்கு. இது சாதாரணமா?

இல்லைங்க. பதினொன்றரை மணி நேரத்துக்கு 92 யூனிட் என்றால், ஆளே இல்லாத கடை மணிக்கு 8 யூனிட், அதாவது 8 கிலோவாட் சாப்பிடுகிறது. மாதம் 2,760 யூனிட். சிசிடிவி, பில்லிங் சர்வர், பெயர்ப்பலகை, ஒரு ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் அளவுக் கடைக்கு 2 கிலோவாட்டைத் தாண்டாது. மீதி 6 கிலோவாட் எங்கே என்று தேடுங்கள்.

ஒருநாள் கடை பூட்டியதும் எலக்ட்ரீஷியனை மெயின் பேனலில் கிளாம்ப் மீட்டரோடு (வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) நிறுத்துங்கள். இன்னொருவர் மாடி மாடியாகப் போய் டிபியில், அதாவது அந்த மாடியின் மின்பெட்டியில், ஒவ்வொரு எம்சிபி சுவிட்சாக இறக்கட்டும். இறக்கும்போது எத்தனை ஆம்பியர் குறைகிறது என்று போனில் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தீயணைப்பு, அலாரம், கேமரா, லிஃப்ட் லைன்களைத் தொட வேண்டாம். நான் பார்த்தவரை டிரையல் ரூம் விளக்கு, கழிவறை எக்ஸாஸ்ட், யாரும் குடிக்காத வாட்டர் கூலர், எந்த மெஷினும் மாட்டாத யுபிஎஸ் இவைதான் மாட்டும். சம்ப் மோட்டார் ராத்திரியில் தானாக இரண்டு மூன்று தடவை ஓடினால் எங்கோ ஃப்ளஷ் வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம்.

அதே மேலாளர், அடுத்த வாரம்: பார்த்தோம் சார். ரெண்டு மாடி டக்டபிள் ஏசியோட (டக்ட் வழியா காத்து அனுப்புற ஏசி) ப்ளோயர் ஃபேன் ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. நம்ம பசங்க ரிமோட்ல ‘ஃபேன்’ மோடுக்கு மாத்திட்டு ஆஃப் ஆயிடுச்சுன்னு நெனச்சிருக்காங்க. அது மட்டுமே மூன்றரை கிலோவாட்.

கூலிங் வரவில்லை, சத்தமும் குறைந்துவிட்டது. அணைந்துவிட்டது என்றுதான் அந்தப் பிள்ளைகள் நினைப்பார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், யாரும் சொல்லித் தரவில்லை. லட்சக்கணக்கில் ஏசி வாங்குகிற முதலாளிகள் அதை இயக்குகிற பையனுக்கு அரைமணி நேரப் பயிற்சி கொடுப்பதில்லை. மாடிக்கு ஒரு சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுத்து மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள்: எந்த மோடு என்ன செய்யும், ஏன் 24 டிகிரி, ஃபில்டரை எப்படிக் கழற்றிக் கழுவுவது. ஒரு டிகிரி கூட்டினால் ஏசி மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து வரும் ரூம் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்புறம் அதை 18க்கு இறக்குவது நம் விரல்தான்.

வாசல் கதவு பற்றியும் ஒரு வார்த்தை. திறந்து கிடந்தால்தான் கூட்டம் உள்ளே வரும் என்று முதலாளி சொல்வார். சித்திரை வெயிலில் அந்தக் குளிர்காற்று ரோட்டுக்குத்தான் போகிறது.

கொண்டலாம்பட்டி, டிப்ளமோ முடித்தவர்: அண்ணா, ட்ரிபிள்-ஈ டிப்ளமோ. மில்லில் 7 வருஷமா மெயின்டனன்ஸ். எனர்ஜி ஆடிட்டர் ஆகணும்னு ஆசை. ஒரு கோச்சிங் சென்டரில் பெரிய தொகை கேட்கிறாங்க. கட்டலாமா?

முதலில் கட்டாமல் படித்துப் பாருங்கள் தம்பி. இதற்கான தேசியத் தேர்வு மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகத்துடையது. நாம் பி.இ.இ. என்று சொல்வது அதைத்தான். 2001ஆம் வருஷச் சட்டத்தின்படி 2002 மார்ச்சில் தொடங்கியது. டிப்ளமோகாரர்களுக்கு 6 வருஷ அனுபவம் கேட்பார்கள், பொறியியல் பட்டதாரிக்கு 3 வருஷம். மில் மெயின்டனன்ஸ் அதில் சேரும், ஆனால் அனுபவச் சான்றிதழில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று விவரமாக எழுதி வாங்குங்கள்.

மூன்று தாள் தேறினால் எரிசக்தி மேலாளர். நாலாவதும் தேறினால் தணிக்கையாளர். அந்த நாலாவது தாளுக்குப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், அதை நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு நேரம் பத்தாது. பாடப்புத்தகம் நாலும் பி.இ.இ. தளத்தில் இலவசம். கட்டட வேலைக்கு மூன்றாவது புத்தகம்தான் உயிர்: மோட்டார், ஏசி, ஃபேன், பம்பு, விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் அதில். ஆங்கிலம் தடுமாறினால் சொற்களைப் பற்றிக் கவலைப்படாமல் கணக்குகளிலிருந்து தொடங்குங்கள், மில்லில் நீங்கள் தினமும் செய்வதுதான் அது. ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் ஆன்லைன் பாடங்களும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம்.

ஆறு மாதம் இப்படிப் படித்தும் பிடிபடவில்லை என்றால் கோச்சிங் பற்றி யோசிக்கலாம். ஒரு நல்ல கிளாம்ப் மீட்டர் மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள். விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எல்இடியும் இருக்கிற லைனில் மலிவு மீட்டர் தப்பாகக் காட்டும், ட்ரூ ஆர்எம்எஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

அம்மாபேட்டை, மளிகைக் கடைக்காரர்: பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று ஒரு டப்பா விற்கிறார்களே?

வாங்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும் இருக்கும். உங்கள் மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, இந்த டப்பா அதைக் குறைக்காது. பெரிய ஆலைகள் வாங்கும் ஹெச்டி (உயர் அழுத்த) இணைப்பில் பவர் ஃபேக்டர், அதாவது எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உருப்படியாக வேலை செய்கிறது என்ற விகிதம், 0.9க்குக் கீழே போனால் அபராதம் உண்டு. அங்கே கணக்குப் போட்டு வைக்கும் கெப்பாசிட்டர் பேங்க் வேறு சங்கதி.

ஏற்காடு, விடுதி உரிமையாளர்: 20 ரூம். ஏசி கிடையாது. ஆனாலும் சீசனில் பில் பயமுறுத்துகிறது. ரூமுக்கு ஒரு கீசர், 2 கிலோவாட். சோலார் போட்டால் பனிமூட்டத்தில் வேலை செய்யுமா?

உங்களுக்குப் பில் என்றாலே சுடுதண்ணிதான். கணக்கைப் பாருங்கள்: 100 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 45க்குக் கொண்டுவர 3 யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். ரூமுக்கு 80 லிட்டர் என்றால் 20 ரூமுக்கு 1,600 லிட்டர், நாளுக்கு 50 யூனிட். இது தண்ணீரைச் சுட வைக்க மட்டும். கீசர் அணைக்காமல் கிடந்து ஆறி ஆறிச் சூடாவது தனி. காலை ஏழு மணிக்கு எல்லாரும் லேடீஸ் சீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருபதும் ஒன்றாக ஓடினால் 40 கிலோவாட் சுமை, அது இன்னொரு தலைவலி.

சோலார் வெயில் அடிக்கும் மாதங்களில் நன்றாக உழைக்கும். மழைக்காலத்தில் மூட்டம் நாள்கணக்கில் நிற்கும்போது அதை மட்டும் நம்பினால் விருந்தாளி பச்சைத்தண்ணியில்தான் குளிக்க வேண்டும். நானாக இருந்தால் ஹீட் பம்ப் வைப்பேன். சுற்றியிருக்கும் காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால் அந்த 50 யூனிட் வேலை ஏறக்குறைய 17 யூனிட்டில் முடியும். மார்கழி, தைக் குளிரில் கொஞ்சம் கூடும். மெஷினை மூடிய அறையில் வைக்காதீர்கள், தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். பணம் இருந்தால் சோலாரை முதலிலும் ஹீட் பம்பைப் பின்னாலும் வைக்கலாம்.

எது வைத்தாலும் சுடுதண்ணிக் குழாய்க்கு உறை போடுங்கள். இல்லையென்றால் கடைசி ரூமில் சூடு வரும்வரை ஒரு வாளித் தண்ணீர் வீணாகும், அந்தத் தண்ணீரும் மலையில் உங்களுக்குச் சும்மா கிடைப்பதில்லை. பயிற்சி என்று கேட்டால் உங்கள் ரூம் பாய்தான் முதல் மாணவர். ரூம் காலியானதும் கீசர் சுவிட்சைப் பார்ப்பது, போர்வை மடிப்பது போல அவர் வேலைப் பட்டியலில் ஒரு வரியாக வரட்டும்.

ஃபேர்லேண்ட்ஸ், மருத்துவமனைப் பராமரிப்புப் பொறுப்பாளர்: மேனேஜ்மென்ட் 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. ஆபரேஷன் தியேட்டர் ஏஹெச்யூவில் (குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பும் இயந்திரம்) கை வைக்கலாமா?

அங்கேயிருந்து தொடங்காதீர்கள் மேடம். தியேட்டரில் காற்று மாற்றமும் அழுத்தமும் நோயாளியின் பாதுகாப்பு. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு எழுத்தில் சம்மதிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. வரவேற்பு, ஓபி, அலுவலகப் பகுதியின் ஏஹெச்யூக்களைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் ஓடும் ஃபேனை விஎஃப்டி வைத்து 40க்கு இறக்கினால் காற்று 20 சதவீதம்தான் குறையும், மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன்களில் ஒருவரையாவது பி.இ.இ. தேர்வுக்கு அனுப்பச் சொல்லி மேனேஜ்மென்டிடம் கேளுங்கள்.

கருப்பூர், பொறியியல் மாணவி: அண்ணா, எனர்ஜிபிளஸ் கத்துக்கிட்டா வேலை கிடைக்குமா?

ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று மாடல் செய்து பார்க்க அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகத் தரும் மென்பொருள் அது, கற்றுக்கொள்வது நல்லதும்மா. ஆனால் உங்கள் கல்லூரி ஹாஸ்டலின் ஒரு வருஷ பில்லை எக்ஸெலில் போட்டு, எந்த மாதம் ஏன் ஏறியது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். அது வராதவர்கள் செய்யும் மாடல் படமாகத்தான் அழகாக இருக்கும். டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அந்த வாரம் நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போனால் வேலை தருகிறவர்களையும் பார்க்கலாம்.

ஓமலூர் ரோடு, வணிக வளாகம் கட்டுபவர்: புதுக் கட்டடத்துக்கு ஏதோ கோட் இருக்காமே?

ஈசிபிசி, கட்டடங்களுக்கான எரிசக்தி சேமிப்பு விதித்தொகுப்பு. 2007இல் வந்தது, 2017இல் புதுப்பித்தார்கள், 2024இல் ஈசிஎஸ்பிசி என்ற பெயரில் புது வடிவம் வந்தது. இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை 120 கேவிஏ எட்டும் வணிகக் கட்டடங்களுக்கானது. உங்கள் ஆர்க்கிடெக்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மேற்குப் பக்கம் ஏன் இவ்வளவு கண்ணாடி?

சீலநாயக்கன்பட்டி, திருமண மண்டபம்: ஆடியிலும் மார்கழியிலும் ஒரு கல்யாணமும் இல்லை. பில் மட்டும் வருதே அண்ணே?

இவ்வளவு வரை எடுப்போம் என்று மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்த ஒப்பந்தச் சுமைக்குத் தகுந்த நிலைக்கட்டணம் அது. மண்டபம் பூட்டிக் கிடந்தாலும் வரும். பழைய ஹாலஜன், குண்டு பல்புக் காலத்தில் வாங்கிய சுமையை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எல்இடிக்கு மாறியபின் சுமையைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். அடுத்த பெரிய முகூர்த்தத்தில் ஏசி, சமையல்கட்டு, வாசல் சீரியல் லைட் எல்லாம் ஓடும் நேரத்தில் மீட்டர் காட்டும் உச்சத் தேவையைக் குறித்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எழுதிக் கொடுங்கள். ரொம்பக் குறைத்துவிட்டு கல்யாணத்தன்று தாண்டினால் அபராதம் வரும். மாப்பிள்ளை வீட்டார் தனியாகக் கொண்டுவரும் டிஜே செட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.