வாடகை வழக்கில் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா? கேள்வி பதில்

நாம் ஆஜராகாததால் எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுக் கோர்ட் தரும் எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) தீர்ப்பைப் பற்றி வட சென்னைக்காரர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். வாடகை வழக்குகள் நடத்தும் வக்கீலாகப் பதில் சொல்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து: சார், கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்து காலி செய்யச் சொன்னபோதுதான் சிவில் கோர்ட்டில் எங்கள்மேல் வழக்கு இருந்ததே தெரியும். தீர்ப்பாகி ஐந்து மாதமாம். இனி வழியே இல்லையா?

வழி இருக்கிறது, ஆனால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 9 விதி 13-இல் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். கெடு 30 நாள். பொதுவாக அது தீர்ப்புத் தேதியிலிருந்து ஓடும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து. உங்களுக்கு அமீனா வந்த நாள்தான் உயிர்நாடி. அன்று யார் கூட இருந்தார்கள், என்ன காகிதம் காட்டினார் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

அடுத்து நகல் மனு போட்டு, தீர்ப்போடு, சம்மனை எப்படிச் சேர்த்தார்கள் என்று கோர்ட் ஊழியர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் வாங்குங்கள். பலர் இந்த அறிக்கையைப் பார்க்காமலேயே மனு போடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். கதவில் ஒட்டியதாக இருந்தால், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார்கள் என்று அதில் இருக்க வேண்டும். நீங்கள் காலி செய்துவிட்ட பழைய விலாசத்துக்குப் போயிருந்தால் அதுவே பலமான காரணம். ஆனால் வாய்தா தேதி உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று கோர்ட் நம்பினால், சம்மனில் இருக்கும் சின்னக் குறையைக் காட்டி மட்டும் தப்ப முடியாது.

இன்னொன்று: ரத்து மனு போட்டதாலேயே அமீனா நிற்க மாட்டார். தீர்ப்பை நிறைவேற்றுவதை நிறுத்திவைக்கத் தனி மனுவும் கூடவே போக வேண்டும். பாக்கி வாடகையைக் கட்டச் சொல்லி கோர்ட் நிபந்தனை போடலாம், பணத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து: சம்மனை மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்கி, சொல்ல மறந்துவிட்டார். சம்மனே வரவில்லை என்று சொல்லலாமா அண்ணா?

வேண்டாம்மா. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் கூடவே வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினர் வாங்கினாலும் சம்மன் சேர்ந்ததாகவே பொருள். வேலைக்காரர் வாங்கினால் கணக்கில் வராது. நடந்ததை நடந்தபடியே பிரமாணப் பத்திரத்தில் சொல்லி, வர முடியாததற்குப் போதிய காரணம் இருந்தது என்று கேளுங்கள். மாமியாரும் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் தரட்டும். 30 நாள் தாண்டியிருந்தால் காலவரையறைச் சட்டம் பிரிவு 5-இன் கீழ் தாமதத்தை மன்னிக்கும் மனுவும் சேர்க்க வேண்டும்.

காசிமேட்டிலிருந்து: தீர்ப்பான அன்று நான் கடலில் இருந்தேன். முன்னால் சில வாய்தாவுக்கும் போகவில்லை. அதைச் சொல்லி மறுப்பார்களா?

தீர்ப்பான நாளில் ஏன் வரவில்லை என்பதைத்தான் கோர்ட் பார்க்க வேண்டும், பழைய வாய்தாக்களை இழுக்கக் கூடாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படகு உரிமையாளரிடமும் கூட வந்தவர்களிடமும் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: எங்களுக்கு வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு வந்திருக்கிறது. அங்கேயும் இதேதானா?

தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம். அது சிவில் நடைமுறைச் சட்டத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனாலும் ஒருதலையாகப் போட்ட உத்தரவை அந்த நீதிமன்றமே ரத்து செய்யலாம். உத்தரவு போட்ட இடத்திலேயே முதலில் மனு போடுங்கள்.

பெரம்பூர் ஹவுஸ் ஓனர்: எனக்குத் தெரியாமலே என் தீர்ப்பை ரத்து செய்துவிடுவார்களா?

மாட்டார்கள். சிவில் வழக்கில் உங்களுக்கு நோட்டீஸ் தராமல் ரத்து செய்ய முடியாது. வாடகைக்காரர் சொல்லும் காரணம் பொய் என்றால் எதிர்மனுவில் ஆதாரத்தோடு காட்டுங்கள். செலவுத் தொகையும் கேளுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: வக்கீல் வைக்கக் கையில் காசு இல்லை அண்ணா.

நீங்கள் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச சட்ட உதவி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. 15100-க்கு போன் செய்து, வழக்கு எண்ணையும் தீர்ப்புத் தேதியையும் முதலிலேயே சொல்லுங்கள்.